சொல்லாதே, நானே பார்க்கிறேன்

எதிர் வீட்டுக்காரியிடம் தலை வலிக்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாயெடுத்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். "சொல்லாதடி. நானே பாக்கறேன்" என்பாள். பிறகு தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் என்னை நடக்கவிடுவாள். திரும்பி வந்ததும் காது மடலைத் தொட்டுச் சூடு பார்ப்பாள். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி எப்போது சிவக்கிறது என்று காத்திருப்பாள். கைத்தோலைக் கிள்ளி இழுத்து விடுவாள். எல்லாம் முடிந்தபின் கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "வயித்துலதான் இன்னாவோ இருக்குது" என்பாள். தலைவலி என்று அப்போதும் நான் சொல்லக் கூடாது. சொன்னால் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேச மாட்டாள்.

அவளுக்குக் கால்நடை மருத்துவர் ஆக வேண்டும். எங்கள் தெருவில் அதற்கு மாட்டு டாக்டர் என்று பேர். காஞ்சிபுரத்தில் வீட்டுக்கு வீடு பட்டுத்தறி ஓடும் தெருவில் பிறந்தவளுக்கு அந்த ஆசை எப்படி வந்தது என்று பெற்றவர்களுக்கே தெரியாது. அவர்கள் வீட்டில் மாடு கிடையாது, ஆடு கிடையாது. ஒரு பூனை வந்து போகும். அதுவும் எங்கள் வீட்டுப் பூனை என்று என் அம்மா சாதிப்பாள்.

நானும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பத்தாவது முடித்த விடுமுறையில் பால்காரர் தன் மாட்டை அரசாங்க மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனபோது இவள் சும்மா வேடிக்கை பார்க்கக் கூடப் போனாள். திரும்பி வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

"அங்க ஒரு மாடு கூட பேசலடி" என்றாள்.

மாடு பேசாது என்பது எனக்கு முன்பே தெரியும் என்றேன்.

"தெரிஞ்சா போதுமா? பேசாததுக்கு எங்க வலிக்குதுன்னு எப்டி கண்டுபிடிக்கறது? அதுக்குப் பழக்கம் வேணும்."

பழகுவதற்கு மாடு வேண்டும். மாடு இல்லாததால் எங்களை வைத்துக்கொண்டாள். மனுஷங்கதான் வாய் திறந்து சொல்கிறார்களே, அவர்களை ஏண்டி படுத்துகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். "சொல்றதாலதான் கெட்டுது" என்றாள். "கால் வலின்னு நீ சொன்னா நான் காலத்தான் பாப்பேன். வாய மூடிக்கினு இருந்தாத்தான் ஆளையே பாக்க முடியும்." பதில் சொல்ல வாயெடுத்தேன். கையால் பொத்திவிட்டாள்.

அவள் யாரையும் பின்னாலிருந்து நெருங்க மாட்டாள். உதைத்துவிடுவார்களாம். சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்து, உள்ளங்கையை முதுகில் வைத்து, "நான்தான், நான்தான்" என்று மெல்லச் சொன்ன பிறகுதான் பேச்சையே ஆரம்பிப்பாள். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை ஒரு நாள் தாழ்வாரத்தில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது இவள் அப்படி வந்து முதுகைத் தடவி "நான்தான், நான்தான்" என்றிருக்கிறாள். அந்த அம்மாள் திட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்களாம். அதுவரைக்கும் அவர்களுக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை போலிருக்கிறது.

அவள் கண்டுபிடித்ததெல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. பாதிக்கு மேல் தப்பு. தபால்காரர் நடப்பதைப் பார்த்துவிட்டு, அவர் மட்டும் பசுவாக இருந்தால் சினை என்று அடித்துச் சொல்வேன் என்றாள். அவர் மறுவாரத்திலிருந்து எங்கள் தெருவில் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. ஆனால் என் அம்மா விஷயத்தை மட்டும் என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. வலியாவது வந்து போகும், வலியைச் சொல்வது ஓயாது. எழுந்திருக்கும்போது எப்படிச் சுருக்கென்றது, வாசல் தெளிக்கக் குனிந்தால் எங்கே பிடித்துக்கொண்டது, நாத்தனார் கல்யாணத்தில் இது எப்படி ஆரம்பித்தது என்று விவரமாகச் சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்டவளை இவள் ஒரு மத்தியானம் பாயில் படுக்க வைத்துவிட்டாள்.

"அத்தை, மூச்சு மட்டும் விடுங்க. பேசக் கூடாது."

அம்மா படுத்தாள். இவள் அம்மா வயிற்றின் இடது பக்கத்தை முஷ்டியால் அமுக்கிவிட்டு, "அசை போடறாங்களா?" என்று என்னைக் கேட்டாள். வெற்றிலை போடுவாங்க என்றேன். "அது சேராது" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சொல்ல முடியாமல் உதடு துடித்தது. கடைசியில் இவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, "காலுக்கு ஒண்ணும் இல்ல. இவங்கள தனியா கட்டி வச்சிக்கிறீங்க. கூட்டத்துல வுடணும்" என்றாள்.

என் அப்பா அப்போது பெங்களூரில் ஒரு சேலைக் கடையில் வேலையாக இருந்தார். எப்போதாவது வருவார். நான் பள்ளிக்குப் போய்விட்டால் அம்மா வீட்டில் ஒற்றை ஆள். அவள் எழுந்து உட்கார்ந்து, "போடி பைத்தியம்" என்று இவளைத் திட்டினாள். மறுநாள் மத்தியானம் அவளாகவே எதிர் வீட்டுக்குப் போய் இவள் அம்மாவோடு ராட்டையில் உட்கார்ந்து, நெசவில் குறுக்கே ஓடும் ஊடு நூலைச் சின்னத் தார்க்குச்சிகளில் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு தினமும் போனாள். முழங்கால் வலி போகவில்லை. ஆனால் அதைக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது.

இவள் கையில் அதிகம் பட்டது இவள் அப்பாதான். அவர் பெரிய பேச்சுக்காரர். கோர்வைச் சேலை நெய்பவர். அதில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் ஒருவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் இவள். பள்ளி விட்டு வந்ததும் அங்கே போய் உட்காருவாள். அப்பா மிதியை மிதித்துக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் சொல்லுவார், பாதி பொய்யாக இருக்கும், கேட்க நன்றாக இருக்கும். அதற்கும் தடை போட்டாள். "நீ பேசாத, தோளப் பாத்தே நான் தெரிஞ்சிக்கறேன்" என்றாள். முதலில் கத்தினார். அப்புறம் கெஞ்சினார். அப்புறம் பழகிவிட்டார். என்னை வாசலில் பார்த்தால் மட்டும் பிடித்துக்கொள்வார்.

"எம்மா, பொறந்ததுல இருந்து பேசிப் பேசி வளத்த பொண்ணு. என்னை மாடா ஆக்கிட்டாம்மா. ஒங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

ரெண்டு வார்த்தை அரை மணி நேரம் ஆகும். மகள் உள்ளேயிருந்து கனைத்தால் வாய் மூடிக்கொண்டு தறிக்குப் போய்விடுவார்.

பிளஸ் டூவில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட்டாள். வேறு எதற்கும் போடவில்லை. நான் ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்துவிட்டேன். நீயும் ஏதாவது ஒன்றில் சேர்ந்து வை என்று ஊரே சொன்னது. மாட்டேன் என்றாள். "கெடச்சா இது. இல்லன்னா தறி. நடுவுல ஒண்ணும் வேணாம்." அவள் வீட்டில் அவளை இன்னொரு வருஷம் சும்மா உட்கார வைத்துப் படிக்க வைக்க வழியில்லை. தறியில் உட்காருவது அவளுக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் நூல் அறுந்தால் அறுந்தது என்று பட்டென்று தெரிந்துவிடுகிறது, கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்று குறைப்படுவாள்.

விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே தெரு அவளை டாக்டராக்கிவிட்டது. ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள், கோழியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தறியின் பாவு நூலை மென்றுவிட்ட ஒரு ஆட்டைக் கூட்டிவந்த அம்மாள் கதையை ஆரம்பித்ததும், இவள் அந்த அம்மாளை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே இவளும் ஆடும் மட்டும். எங்கள் எல்லோருக்கும் ஒரே பதைப்பு. நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"நூலு தின்னுக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க."

"இதத்தானே நான் அப்பவே சொல்ல வந்தேன்!"

"நீங்க சொல்ல வந்தீங்க. நான் பாத்து சொல்றேன்" என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஆட்டுக்கு வைத்தியம் எல்லாம் அவள் செய்யவே மாட்டாள். படிக்காமல் ஊசியைத் தொடுவது பாவம் என்பாள். எதைக் கொண்டு வந்தாலும் கடைசியில் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாள். இருந்தாலும் முதலில் இவளிடம் காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

தரவரிசை வந்தது. இவள் பெயர் இருந்தது, ஆனால் இடம் கிடைப்பவர்களுக்குச் சற்றுக் கீழே, காத்திருப்போர் வரிசையில் இருந்தது. தெருவில் யாருக்கும் இது விளங்கவில்லை. நான்தான் விளக்கினேன். மேலே இருக்கிற பிள்ளைகளில் பல பேர் மனித மருத்துவத்துக்கும் முயற்சி செய்திருப்பார்கள். அது கிடைத்துவிட்டால் இதை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்போது கீழே இருப்பவர்களைக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் நான் சொன்னது. விளக்கியிருக்கவே கூடாது.

அந்த வெள்ளிக்கிழமையே என் அம்மாவும் அவள் அம்மாவும் இன்னும் தெருப் பெண்கள் சிலரும் தட்டில் தேங்காய் பழத்தோடு தெருக்கோடி சிவன் கோயிலுக்குப் போனார்கள். எங்களையும் இழுத்துப் போனார்கள். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார்.

"பேரு தெரியாதுங்க சாமி" என்றாள் என் அம்மா.

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. நெறைய பேரு இருக்காங்க."

"யாரும்மா அவாள்லாம்?"

"மாட்டு டாக்டர் சீட்டு கெடச்ச பசங்க. அவங்க எல்லாரும் மனுஷ டாக்டர் ஆயிடணும் சாமி."

குருக்கள் தட்டைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். "அவாளுக்கு நல்லதுதானே கேக்கறேள்?" என்றார்.

"நல்லதுதான் சாமி. ரொம்ப ரொம்ப நல்லது."

"அப்போ சுவாமி பேருக்கே பண்ணிடறேன்."

யார் பெற்ற பிள்ளைகளோ, எந்த ஊரோ, அவர்கள் பெரிய டாக்டர்களாக வர வேண்டும் என்று எங்கள் தெருப் பெண்கள் கண்ணில் நீர் வர வேண்டிக்கொண்டார்கள். சொந்தப் பிள்ளைகளுக்குக் கூட அப்படி வேண்டியிருப்பார்களா என்பது சந்தேகம்.

இவள் மட்டும் சன்னதிக்கு வரவில்லை. நந்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஊரில் வேண்டுதலை நந்தியின் காதில் ரகசியமாகச் சொல்லுவார்கள். அன்றும் ஒரு பெரியவர் குனிந்து ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்ததும் இவள் பக்கவாட்டில் போய் நந்தியின் முதுகில் கை வைத்து, "நான்தான், நான்தான்" என்றாள். காதைத் தொட்டுப் பார்த்தாள். முன்னங்காலைத் தடவினாள்.

"காதுல சொல்லுடி, சீட்டு வேணும்னு" என்று அவள் அம்மா தூரத்திலிருந்தே கையாட்டினாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் இவள். "ஊரே வந்து இவரு காதுல சொல்லிக்கினு கெடக்குது. இவருக்கு இன்னான்னு யாருனா ஒருத்தர் பாத்தீங்களா?"

பிறகு நந்தியின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது போல நின்றாள். அவள் எத்தனை பயந்து போயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் இது நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிரதோஷமும் சேர்ந்து வந்துவிட்டதால் கூட்டம் நெருக்கியது. குருக்கள் அவசரமாக "பேர், நட்சத்திரம்" என்று கையை நீட்ட, என் அம்மா பழக்க தோஷத்தில் இவள் பேரையும் இவள் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டாள். அது போதாதென்று "மனுஷ டாக்டர் ஆவணும்" என்றும் உரக்கச் சேர்த்துவிட்டாள். அர்ச்சனை நடந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேங்காய் மூடியைத் துருவும்போதுதான் உறைத்திருக்கிறது. தலையில் கை வைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினாள்.

தெருவே கூடிவிட்டது. மனித மருத்துவத்துக்கான நுழைவுத் தேர்வையே அவள் எழுதவில்லையே, எப்படி மனுஷ டாக்டர் ஆவாள் என்று நான் கேட்டேன்.

"சாமிக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றாள் அவள் அம்மா.

"சாமிக்குத் தெரியாம இருக்குமா?" என்றார் அவள் அப்பா.

"தெரிஞ்சிக்கினே குடுத்துட்டா இன்னா பண்றது?"

மறுநாள் காலையிலேயே இரண்டு அம்மாக்களும் கோயிலுக்குப் போய், பண்ணின அர்ச்சனையை வாபஸ் வாங்க முடியுமா என்று கேட்டார்கள். "வாபஸெல்லாம் கெடையாதும்மா. வேணும்னா இன்னொண்ணு பண்ணித் திருத்திக்கலாம்" என்றார் குருக்கள். திருத்தினார்கள். இருந்தாலும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று முழங்கால் வலியைக்கூட மறந்துவிட்டாள்.

எனக்கு வகுப்புகள் தொடங்கி நாளாகிவிட்டது. இவளுக்கு ஒரு தகவலும் இல்லை. யாரும் அதைப் பற்றி இவளிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கல்லூரிப் பேருந்திலிருந்து நான் இறங்கி வரும்போது அவர்கள் வீட்டில் தறிச் சத்தம் கேட்கும். முன்னெல்லாம் பள்ளி விட்டு வந்த பிறகு மட்டும் கேட்ட இரட்டை நாடாச் சத்தம், இப்போது நாள் முழுக்கக் கேட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். யார் மேல் என்று தெரியாது.

அன்று எனக்கு விடுமுறை. அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அம்மாக்கள் இருவரும் தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஜரிகை வாங்கப் போயிருந்த அவள் அப்பா திரும்பி வந்தார். வந்தவர் உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஜரிகை இல்லை. செல்போன் இருந்தது. விண்ணப்பத்தில் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். ராட்டைகள் நின்றன.

"எம்மா..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதப்பா" என்றாள். "நானே பாக்கறேன்."

எழுந்து பக்கவாட்டில் போய் அவர் முதுகில் கை வைத்தாள். "நான்தான், நான்தான்" என்றாள். கொஞ்சம் நடக்கச் சொன்னாள். அவர் தறிக்குழி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார், காலை இழுத்து இழுத்து வைத்தார். காதைத் தொட்டாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். அவர் கண்ணில் நீர் நின்றது. தள்ளி நின்று ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

"கெடைக்கல" என்றாள்.

அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் அம்மா, "நான்தான் பேர மாத்திச் சொல்லிட்டேன், எல்லாம் என்னாலதான்" என்று பெரிதாக அழ ஆரம்பித்தாள். அவள் அப்பா வாயைத் திறந்தார், மூடினார்.

"சரி வுடு. வாப்பா. சேலையில முந்தி பாக்கி இருக்குது" என்று சொல்லிவிட்டு இவள் தறியில் தன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அவரும் பழக்கத்தில் போய்க் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். நாடாவை விட்டார். இவள் கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தாள். அவர் பலகையை அடித்தார். மறுபடி விட்டார், மறுபடி கொடுத்தாள். கொஞ்ச நேரம் அந்தச் சத்தமும் என் அம்மாவின் அழுகையும் மட்டும் கேட்டன. அப்புறம் அவர் கால் மிதியில் அப்படியே நின்றுவிட்டது.

"மிதிப்பா" என்றாள்.

"கெடச்சிட்ச்சும்மா" என்றார், சேலையைப் பார்த்தபடி.

என் அம்மா பாதி அழுகையில் நிறுத்தினாள்.

"மெசேஜ் வந்துச்சு. செராக்ஸ் கடையில படிச்சி சொன்னாங்க. நம்பாம மறுபடி படிக்கச் சொன்னேன். வர்ற திங்கக்கெழம சேரணுமாம்."

"பின்ன ஏம்பா மூஞ்ச அப்டி வச்சிக்கினு வந்தே?" அவள் குரலில் அத்தனை கோபம்.

"நான் எங்கம்மா வச்சேன்? சந்தோஷந்தான் எனக்கு. நீ பூடுவியேன்னும் இருக்குது. ரெண்டும் ஒண்ணா வந்தா மூஞ்சி இன்னா பண்ணும்?"

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கரை நாடாவை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள்.

"எத?"

"மொதல்ல சொன்னியே, அத."

"கெடச்சிட்ச்சும்மா."

"இன்னொரு வாட்டி சொல்லுப்பா."